சத்தம் வேறு, சங்கதி வேறு!

விருத்தாசலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நடுராத்திரி ரயில் நின்று, ஜன்னலோரம் "டீ... டீயே..." என்று ஒரு குரல் தூக்கத்தைக் கலைத்துவிட்டுப் போகுமே, அந்த ஜங்ஷன். பக்தி உள்ளவர்களுக்குப் பழமலைநாதர். பாயசப் பிரியர்களுக்கு முந்திரி. மற்றபடி உங்கள் வீட்டு மெயின் போர்டில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கிறதே பீங்கான் பீஸ் கட்டை, அது எங்கள் ஊர்ச் சூளையில் வெந்ததாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கார்த்திகைக்கு வாங்கும் பீங்கான் அகலும், கொலுவில் மூன்றாம் படியில் நிற்கும் குட்டி யானையும்கூட எங்கள் ஊர்ப் பிரஜைகளாக இருக்கலாம்.

ஹெட்போனுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. வீட்டில் ரிப்பேராகிக் கிடக்கும் ஹெட்போன் ஒன்றை எடுத்துப் பிரியுங்கள் (தங்கையுடையது என்றால் முதலில் கேட்டுக்கொள்ளவும்). உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதன் முதுகில் தலைமுடி மாதிரி ஒரு செம்புக் கம்பிச் சுருள், பக்கத்திலேயே ஒரு காந்தம். பாட்டு மின்சாரமாகிச் சுருளுக்குள் ஓட, காந்தம் அதை இழுத்தும் தள்ளியும் விளையாட, சவ்வு அதிர, உங்கள் காதில் தபேலா. இவ்வளவுதான் மேட்டர். அந்தக் காந்தம் கறுப்பாக, கீழே போட்டால் ஓட்டுச் சில்லு மாதிரி உடைகிற ரகமாக இருந்தால் அதன் பெயர் ஃபெரைட். இரும்புத் துருவோடு பேரியமோ ஸ்ட்ரான்ஷியமோ கலந்து, அரைத்து, அச்சில் அழுத்தி, சூளையில் வைத்துச் சுட்டெடுக்கிற சமாசாரம். அதாவது, செராமிக்! எங்கள் பீஸ் கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. (இப்போது வருகிற குட்டி இயர்போன்களில் நியோடிமியம் என்ற பணக்காரக் காந்தம் வைக்கிறார்கள். அது எங்களுக்குச் சொந்தமில்லை.)

நான் பி.காம். ஊரில் நாலைந்து பீங்கான் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. கட்டவைத்து, மிச்ச நேரத்தில் இந்தப் பக்கத்தை நிரப்புகிறவன். எலெக்ட்ரானிக்ஸ் படிக்காதவன் ஆம்ப்ளிஃபயர் பற்றி எழுதலாமா என்று பொறியியல் வாசகர் ஒருவர் கடிதம் போடக்கூடும். எழுதலாம் ஸார். டெசிபெல் என்பது லாகரிதம். கூட்டு வட்டி போட்டே வயிறு வளர்ப்பவனுக்கு லாகரிதம் மச்சான் முறை.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான். சின்ன வேலை, மாசம் பதினாலாயிரம் சம்பளம், கையில் ஹெட்போன்.

"அண்ணே, இதுல எஃபெக்ட் பத்தல. ஆம்ப் போடலாம்னு இருக்கேன்."

"என்ன ஆம்ப் தம்பி?"

"4440 போர்டு. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் சும்மாவே குடுத்துட்டாரு."

தமிழ்நாட்டில் எல்.ஏ. 4440 தெரியாத சவுண்ட் சர்வீஸ்காரர் இருந்தால் அவர் ரேஷன் கார்டையே சந்தேகிக்க வேண்டும். ஜப்பான்காரன் ஸான்யோ போட்ட பதினாலு கால் பூச்சி அது. ஸ்டீரியோவாகப் போட்டால் பக்கத்துக்கு 6 வாட், இரண்டையும் சேர்த்துப் பிரிட்ஜ் போட்டால் 19 வாட். மினி பஸ், டீக்கடை, ஆட்டோ, ஆடி மாசக் கூழ் என்று பல வருஷமாக நம்மைத் தூங்கவிடாத புண்ணியவான். சென்னை ரிச்சி தெருவில் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், 4558 போட்ட பாஸ்-டிரபிள் எல்லாம் வாங்கி, ஒரு தகரப் பெட்டிக்குள் திணித்து 'அசெம்பிள் செட்' என்று கொண்டுவந்த தலைமுறை ஒன்று நம் ஊர்களில் உண்டு. எனக்கு அவர்கள் மேல் மரியாதை அதிகம். காலேஜ் வாசலைப் பார்க்காமல் ஓம்ஸ் விதியைக் கை விரலாலேயே படித்தவர்கள்.

ஆனால் 4440 ஹெட்போனுக்கு ஆகாது. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு.

சராசரி ஹெட்போனுக்கு ஒரு மில்லி வாட் கொடுத்தால் சுமார் 100 டெசிபெல் சத்தம் போடும். சும்மா உட்கார்ந்து சுகமாகக் கேட்க 80 போதும். 10 டெசிபெல் குறைந்தால் தேவைப்படும் சக்தி பத்தில் ஒரு பங்கு. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. ஆக, உங்களை உருக வைக்கிற பாட்டுக்குச் செலவு ஒரு மில்லி வாட்டில் நூறில் ஒரு பங்கு! பையன் கொடுக்க நினைத்தது 6 வாட். அதாவது ஆறு லட்சம் மடங்கு. பத்து ரூபாய் கொடுத்துச் சில்லறை கேட்கிற இடத்தில் அறுபது லட்சத்தை நீட்டுகிற கதை. (தொண்ணூறுகளில் ஷோரூம் வாசலில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்களே, ஞாபகமிருக்கிறதா? அந்தப் பி.எம்.பி.ஓ.வுக்கு விரிவாக்கம் என்னவென்று கடைக்காரருக்கும் தெரியாது.)

அதோடு, 4440-இல் பெருக்கம் ஏறத்தாழ 50 டெசிபெல். உள்ளே போவது வெளியே முந்நூறு மடங்காக வரும். பாட்டு மட்டுமா வரும்? போர்டில் இருக்கிற இரைச்சலும் வரும். ஏழடி தள்ளி இருக்கும் ஸ்பீக்கரில் அந்த 'ஸ்ஸ்ஸ்' தெரியாது. காதிலேயே மாட்டிக்கொண்டால், பக்கத்தில் யாரோ ஓயாமல் தோசை வார்க்கிற மாதிரி இருக்கும். பிரிட்ஜ் போட்ட போர்டு என்றால் இன்னும் விசேஷம். ஹெட்போன் பின்னில் இரண்டு பக்கத்துக்கும் எர்த் பொது. பிரிட்ஜில் எந்த முனையும் எர்த் இல்லை. செருகிய நொடியில் ஒன்று பூச்சி போகும், அல்லது ஹெட்போன். இரண்டும் சேர்ந்து போவதும் உண்டு.

"அப்ப ஆம்ப்பே வேணாமாண்ணே?" என்றான் பையன், முகம் வாடி.

வேண்டிய இடம் உண்டு. எல்லா ஹெட்போனும் ஒரே வயிறு இல்லை. போனோடு வருகிற ரகம் 16 அல்லது 32 ஓம். ஸென்ஹைஸர் எச்.டி. 600 மாதிரி ஆசாமிகள் 300 ஓம். பெயர்டைனமிக் கம்பெனி ஒரே மாடலை 32, 250, 600 ஓம் என்று மூன்று சைஸில், பனியன் மாதிரி விற்றிருக்கிறது. ஓம் கூடினால் அதே சக்தியை உள்ளே தள்ள வோல்டேஜ் கூட வேண்டும். ஒரு வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்போன் 31 மில்லி வாட்டை வாங்கிக்கொள்ளும். 300 ஓம்காரர் மூன்றே மூன்றைத்தான் வாங்குவார். அப்படியும் அந்த எச்.டி. 600-க்கு அது 100 டெசிபெலைத் தாண்டிவிடும் என்பது வேறு விஷயம். ஓம் கம்மியாக இருந்தும் மந்தமாகச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹைஃபைமேன் எச்.இ. 6 என்று ஒரு கனவான். ஒரு மில்லி வாட்டுக்கு 83.5 டெசிபெல்தான் தருவார். இவர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். நம் பையனின் எழுநூறு ரூபாய் ஹெட்போனுக்கு வேண்டாம். ப்ளூடூத்காரர்கள் இந்தப் பேச்சிலேயே கலந்துகொள்ள முடியாது. அவர்கள் ஆம்ப்ளிஃபயர் ஹெட்போனுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே எது வாங்கினாலும் தண்டம்.

ஆம்ப்ளிஃபயரின் இன்னொரு உபயோகம் சத்தம் அல்ல, கட்டுப்பாடு. அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும் வெளிவாசலில் ஒரு தடை உண்டு. பவர் ஆம்ப்ளிஃபயரில் ஹெட்போன் ஓட்டை வைக்கிறவர்கள், எரிந்துவிடக்கூடாதே என்று நூறு, இருநூறு ஓம் ரெஸிஸ்டரைக் குறுக்கே போட்டுவிடுவார்கள். ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தரக் குறிப்பே 1996-இல் 120 ஓம் என்றது. இதில் என்ன வில்லங்கம்? ஹெட்போனின் 32 ஓம் என்பது சராசரி. பாஸ் பக்கம் எங்கேயாவது அது 60 ஓமுக்கு எகிறும். குறுக்கே 120 ஓம் இருந்தால், எகிறிய இடத்தில் மட்டும் 4 டெசிபெல் அதிகம் வரும். 'டும்' என்று இருக்க வேண்டியது 'டொம்ம்ம்' என்று ஆகிவிடும். வாசல் தடை அரை ஓம் என்றால் இந்த வித்தியாசம் ஒரு டெசிபெலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்கள் 'எத்தனை வாட்' என்று கேட்பதைவிட 'வாசல் எத்தனை ஓம்' என்று கேட்பது நல்லது. கடைக்காரர் முழிப்பதைப் பார்க்கவே அந்தக் கேள்வி கேட்கலாம்.

ஆப்பிள் கம்பெனி போனில் ஹெட்போன் ஓட்டையை 2016-இல் அடைத்துவிட்டு, பிராயச்சித்தமாக 9 டாலருக்கு ஒரு வால் விற்றது. விரல் நீளம்கூட உருப்படியாக இல்லாத அந்த வாலின் சி டைப் அண்ணனை அளந்து பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். வாசல் தடை ஓர் ஓமுக்கும் கீழே. சுத்தமான சத்தம். நூறு மடங்கு விலை சொல்லும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் உட்காரும்.

கையால் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, சூ மோய் என்பவர் கால் நூற்றாண்டுக்கு முன் இன்டர்நெட்டில் போட்ட ஒரு சர்க்யூட் இருக்கிறது. ஒரே ஒரு ஐ.சி., கைவிரல்கள் அளவுக்குக் கொஞ்சம் ரெஸிஸ்டர், கெபாசிட்டர், ஒரு 9 வோல்ட் பாட்டரி. அமெரிக்காவில் இதைப் பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் வைத்துக் கட்டுவார்கள். நான் என் பெண்ணின் பழைய தகர ஜாமெட்ரி பாக்ஸில் கட்டினேன். காம்பஸ் இருந்த பள்ளத்தில் பாட்டரி கச்சிதமாக உட்கார்ந்தது. இதில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். அசல் சர்க்யூட்டில் பெருக்கம் 11 மடங்கு. அந்தக் கால வாக்மேனுக்கு அது பொருத்தம். இன்றைய போனிலிருந்து ஒரு வோல்ட் வந்தால் பதினோரு மடங்காக்க 9 வோல்ட் பாட்டரிக்கு ஏது திராணி? அலையின் தலை மழுங்கி, பாடகர் ஜலதோஷத்தோடு பாடுவார். 10 கிலோ ஓம் இருக்கிற இடத்தில் 2 கிலோ ஓம் போட்டால் பெருக்கம் மூன்றாகிவிடும். ஒரு ரூபாய்ச் செலவு.

கெபாசிட்டர் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரன் சொல்லக்கூடாததை ஒன்று சொல்கிறேன். பாட்டு போகிற வழியில் மலிவான செராமிக் கெபாசிட்டரைப் போடாதீர்கள். பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் அது. வோல்டேஜ் ஏற இறங்க அதன் கொள்ளளவும் மாறும், அதனால் சத்தம் கோணும். பிளாஸ்டிக் ஃபிலிம் ரகம் போடுங்கள். 0.1 மைக்ரோ ஃபாரட், பின்னால் ஒரு லட்சம் ஓம். பதினாறு ஹெர்ட்ஸ் வரை இறங்கும். காதுக்கு அதற்குக் கீழே வேலையில்லை. பீங்கான் அசோசியேஷன்காரர்கள் மன்னிக்கவும்.

இந்த உலகத்தில் ஒரு மர்ம மனிதரும் உண்டு. 2011-இல் என்.டபிள்யூ.ஏ.வி.கை என்ற புனைபெயரில் ஒருவர் கிளம்பினார். விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயர்களை அளந்து, மானத்தை வாங்கி, கடைசியில் 'ஓ 2' என்று தானே ஒன்றை வடிவமைத்து, படத்தை இலவசமாக வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம், வடிவத்தை மட்டும் மாற்றக்கூடாது என்றார். வாசல் தடை அரை ஓம். உலகம் முழுக்க அதைச் செய்து விற்றார்கள். 2012-இல் திடீரென்று எழுதுவதை நிறுத்திவிட்டார். பெயர் தெரியாது, முகம் தெரியாது, ராயல்டி கேட்கவும் வரவில்லை. நம் ஊராக இருந்தால் இந்நேரம் ஒரு சமாதியும் வருஷாந்திர குருபூஜையும் நடந்திருக்கும்.

சரி, ஆம்ப்ளிஃபயரை விடுங்கள். ஹெட்போனையே திருத்துவது இன்னொரு பைத்தியம். 'மாட்' என்று செல்லமாகச் சொல்வார்கள். பஞ்சு வைப்பது, ஸ்பாஞ்சை வெட்டுவது, ஓட்டையில் டேப் ஒட்டுவது. சிரிக்காதீர்கள், இதில் பாதிக்கு அர்த்தம் இருக்கிறது. ஹெட்போன் என்பது காதைச் சுற்றி ஒரு குட்டி அறை. அறையில் சந்து இருந்தால் பாஸ் வெளியே ஓடிவிடும். மூக்குக் கண்ணாடிக் காம்பு ஓரத்தில் விடுகிற இடுக்கு போதும், பாஸ் பாதியாக. மெத்தை உரிந்து, கறுப்புச் செதில் தாடியில் ஒட்டுகிற நிலைக்கு வந்த ஹெட்போனுக்குப் புது மெத்தை போட்டால், பழைய சத்தம் திரும்பி வரும். இயர்போன்காரர்களுக்கு இன்னும் சுலபம். டப்பாவில் மூன்று ஜோடி ரப்பர் வருகிறதே, நம்மில் பலர் மாட்டி வந்ததையே மாட்டிக்கொண்டு, மிச்சத்தை மேஜை டிராயரில் ஸேஃப்டி பின்னோடு போட்டுவிடுகிறோம். அதை எடுத்து மாட்டிப் பாருங்கள். காது ஓட்டை ஆளுக்கு ஆள் வேறு. இடது வலதுகூட வேறாக இருக்கும். சரியான ரப்பர் அடைத்துக்கொண்டால் வருகிற பாஸ், ஐயாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபயர் தராது. கூச்சலாகப் பாடும் இயர்போனின் வாயில் மருந்துக் கடை மைக்ரோபோர் பிளாஸ்டரை ஒரு துண்டு ஒட்டினால் மேல்ஸ்தாயி அடங்கும். இதெல்லாம் சரி. வெள்ளிக் கம்பி, தங்கப் பின், முறுக்கிய ஒயர் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் மட்டும், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று நழுவுங்கள்.

விலைக்கும் சத்தத்துக்குமே சம்பந்தம் கம்மி என்று ஒருவர் அளந்தே காட்டியிருக்கிறார். ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆராய்ச்சியாளர், 2017-இல், 283 ஹெட்போன்கள். எந்த ஸ்வரத்தை எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்ற கோட்டை வரைந்து, பக்கத்தில் விலையை எழுதிப் பார்த்தால், இரண்டுக்கும் ஒட்டுறவே இல்லை. கணக்குப்பிள்ளையான எனக்கு இந்த ரிப்போர்ட் ரொம்பப் பிடித்துப்போனது. அந்தக் கோட்டைச் சரி செய்ய போனிலேயே ஈக்வலைஸர் இருக்கிறது. இலவசம். இலவசம் என்பதாலேயே யாரும் தொடுவதில்லை.

அப்படியானால் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கியவரெல்லாம் "ஸ்வர்க்கம் ஸார்!" என்கிறார்களே, பொய்யா? பொய்யில்லை. இங்கேதான் எங்கள் ஊருக்கு மறுபடி வரவேண்டியிருக்கிறது.

விருத்தாசலத்துக்கு விருத்தகாசி என்று பெயர். காசியைவிட இங்கே வீசம் அதிகம் புண்ணியம் என்பார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. வோல்டேஜை ஒரு வீசம் கூட்டினால் எவ்வளவு டெசிபெல் என்று போட்டுப் பார்த்தேன். அரை டெசிபெல். இந்த அரை டெசிபெல் கூடினால் காதுக்குச் 'சத்தம் கூடிவிட்டது' என்று தோன்றாது. 'தெளிவு கூடிவிட்டது' என்று தோன்றும்! காதின் குணம் அது. சத்தம் ஏற ஏற பாஸ் நன்றாகக் கேட்கும் என்று 1933-இலேயே ஃப்ளெச்சர், மன்ஸன் என்று இரண்டு பேர் படம் போட்டுக் காட்டிவிட்டார்கள். எந்தப் புது ஆம்ப்ளிஃபயரும் பழையதைவிட ஒரு வீசமாவது கூடுதல் சத்தத்தில்தான் போடப்படுகிறது. உடனே ஸ்வர்க்கம். இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்கு, ஒரு டெசிபெலில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் வைத்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால்தான் உண்மை தெரியும்.

இந்த மாதிரி ஒத்துப் பார்க்கிற வேலையை எங்கள் ஊரில் முதலில் செய்தவர் சுந்தரர். இறைவன் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது கதை. போடுவதற்கு முன் ஒரு துண்டு மச்சம் வெட்டி இடுப்பில் முடிந்துகொண்டார் பாருங்கள், அங்கே நிற்கிறார் மனிதர்! குளத்தில் எடுத்ததும் இரண்டையும் உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு. கடவுளிடமிருந்து வந்த சரக்கையே சாம்பிள் வைத்து செக் பண்ணியிருக்கிறார். நாம் ஆன்லைனில் நாலு நட்சத்திரத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

பையனிடம் இவ்வளவும் சொன்னேன். பெரிய ரப்பர் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு போனான். அவன் போனதும் என் தாய்மாமா ஆரம்பித்தார்.

"மாப்ளே, அந்த டப்பா எனக்கு ஒண்ணு பண்ணிக் குடு. அவனுக்குத்தான் வேணாம். எனக்கு நாலு மடங்கு சத்தம் வர்ற மாதிரி."

மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்திரண்டு வருஷம் ஒரு பீங்கான் யூனிட்டில் பால் மில் ஓட்டினார். பால் மில் என்றதும் ஆவினை நினைக்கவேண்டாம். ஆள் உயர இரும்புப் பீப்பாய்; உள்ளே களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், தண்ணீர், கூடவே அரைக்கிறதுக்கு வழவழ கல் உருண்டைகள். மணிக்கணக்காகச் சுழலும். ஓடுகிற சத்தம் 90 டெசிபெலைத் தாண்டும். கணக்கு வாங்க நான் போனால், பேச்சு வார்த்தை எல்லாம் கையாலும் புருவத்தாலும்தான்.

"மாமா, உங்களுக்குச் சத்தம் பத்தாம இல்ல."

"அப்புறம் ஏன் டிவில பேசறவன் எல்லாம் வாயில வெத்தலையப் போட்டுக்கிட்டே பேசறான்?"

அதுதான் விஷயம். தமிழில் அ, ஆ, ஓ எல்லாம் கீழ்ஸ்தாயி; திடமாகக் கேட்கும். ச, த, க, ப என்ற மெய்யெழுத்துகளின் அடையாளம் மேலே, இரண்டாயிரம் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களின் காது முதலில் இழப்பது அந்த நாலாயிரத்தைத்தான். கடை, சடை, தடை, படை நாலும் மாமாவுக்கு 'அடை'. கச்சேரி வைத்தால் தவில் கேட்கும், ஜால்ரா கேட்காது. (ஆபீஸில் பல பேர் வரமாகக் கேட்கிற நிலை.)

கடலூருக்குக் கூட்டிப்போய் ஆடியோகிராம் எடுத்தேன். ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கோடு சுமாராகப் போய், நாலாயிரத்தில் கிணறு மாதிரி இறங்கியிருந்தது. உள்காதில் இருக்கும் மயிரிழை செல்கள் போய்விட்டால் மறுபடி முளைப்பதில்லை. இந்தக் காதுக்கு ஆம்ப்ளிஃபயர் கொடுத்தால் என்ன ஆகும்? கிணறும் மேடும் சேர்ந்தே உயரும். கேட்காத ஜால்ரா கேட்பதற்குள், நன்றாகக் கேட்கும் தவில் மிச்சக் காதையும் பேர்த்துவிடும். இன்னொரு கஷ்டமும் உண்டு. இப்படிப்பட்ட காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது. ஆனால் கொஞ்சம் கூடினால் வலிக்கும். ஆரம்பம் ஏறிவிட்டது, உச்சவரம்பு அங்கேயே நிற்கிறது. நடுவில் கிடைக்கிற கொஞ்சூண்டு இடத்துக்குள் பாட்டு முழுவதையும் மடித்து வைக்க வேண்டும். அதைத்தான் காது மிஷின் செய்கிறது. தேவையான ஸ்வரத்தை மட்டும் தூக்கி, பலத்த சத்தத்தை அமுக்கி. போனிலும் 2019 வாக்கில் ஆண்ட்ராய்டிலும், 2020-இல் ஐபோனிலும் இந்த மாதிரி ஒரு வசதி வந்தது. ஐபோனில் ஆடியோகிராமையே கொடுத்துவிடலாம், ஹெட்போன் பாட்டை அதற்கேற்ப மாற்றித் தரும். வேண்டியது ஜாமெட்ரி பாக்ஸ் அல்ல.

மாமா மூன்று மாசம் முரண்டு பிடித்தார். பிறகு மாட்டிக்கொண்டார். முதல் வாரம் நியூஸ் பேப்பர் புரட்டுகிற சத்தம் தாங்கவில்லை என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மூளை பழக நாளாகும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாவது வாரம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது இத்தினி நாளா கத்திக்கிட்டேவா இருந்துச்சு?" நாலாவது வாரம், பழைய நாதஸ்வரப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டேன். ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். ஒரு பிருகா வந்த இடத்தில் விரலைத் தூக்கி, "இது... இது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இரைச்சலால் காது போவது ஏதோ வயோதிகம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே அது இருந்தது, 90 டெசிபெலில் எட்டு மணி நேரம்தான் என்று விதியில் வரம்பும் இருந்தது என்று நான் சொன்னபோது, "எனக்கு யாருடா சொன்னா?" என்றார். உலக சுகாதார நிறுவனம் ஹெட்போன்காரர்களுக்குச் சொல்கிற கணக்கும் கிட்டத்தட்ட இதே குடும்பம்: 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதி. 90-க்குப் போனால் வாரத்துக்கு நாலு மணி நேரம் மட்டுமே. தினம் பஸ்ஸில் போகவர அரை அரை மணி என்றால் வியாழக்கிழமையோடு கோட்டா தீர்ந்தது.

ஆயுத பூஜைக்கு மாமா பழைய யூனிட்டுக்குப் போனார். நானும் கணக்குப் புத்தகத்தோடு கூடப் போனேன். மருந்துக் கடையில் வாங்கிய காதடைப்பு ஸ்பாஞ்ச் ஒரு பை நிறைய எடுத்து வந்திருந்தார். பூஜை முடிந்து ஒரு சாஸ்திரத்துக்கு மில்லைச் சுற்றவிட்டார்கள். மில் ஓட்டுகிற பையன், நம் பக்கத்துத் தெருப் பையனைவிடச் சின்னவன், காதில் இயர்போன். மில் சத்தத்துக்கு மேலே பாட்டுக் கேட்கவேண்டும் என்று வால்யூமைக் கடைசிவரை ஏற்றியிருந்தான். மூன்றடி தள்ளி நின்ற எனக்கே அந்தப் பாட்டு என்ன படம் என்று தெரிந்தது.

மாமா அவன் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார்.

"என்னா தாத்தா? கேக்கல!"

மாமா தன் காது மிஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பையன் இயர்போனை எடுத்துவிட்டு, அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"சூப்பரா இருக்கே. என்னா விலை தாத்தா?"

"பதினெட்டாயிரம்."

"ரெண்டு காதுக்குமா?"

"ஒரு காதுக்கு."